தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இளமையில் ராணுவத்தில் இருந்தவர். இப்போது ரிசர்வ் படையில் பெயர் இருப்பதால், வருடத்துக்கு ஒருமுறை முகாமுக்குப் போவார். பழைய சீருடையில் வயிற்றை எக்கிப் பொத்தான் போடுவதே அங்கே முதல் பயிற்சி.

அந்த வருட முகாமில் வீரர்களின் உடல்நலம், பழக்கவழக்கம் பற்றிக் கணக்கெடுக்க ஒரு நர்ஸ் வந்திருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரும் கூசாமல் கதை அளந்தார்கள். சிகரெட்டா, தொட்டதே இல்லை. உடற்பயிற்சியா, தினமும். இவரும் அதே பாட்டைத்தான் பாடினார்.

"வண்டி ஓட்டும்போது கண் அசந்திருக்கா?" என்று அவள் கேட்டதும் பாட்டு நின்றுவிட்டது.

"பேரு எழுத மாட்டீங்கல்ல?"

"இல்லண்ணே. பேரே கேக்க மாட்டோம்."

"போன மாசம் சிக்னல்ல தூங்கிட்டேன். பச்சை விழுந்தாச்சுன்னு பின்னாடி பிள்ளைங்க கத்தினப்பதான் முழிச்சேன்."

யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்லிவிட்டதில் அவருக்கே ஆச்சரியம். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது கணக்குக்காக இல்லண்ணே, உங்களுக்காகக் கேக்குறேன். குறட்டை உண்டா?"

"என் வீட்டுக்காரி அடுத்த ரூமுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. கோச்சுக்கிட்டு இல்ல, உயிர் பிழைக்க."

அவள் சிரிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரலாம், அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றாள். அதுவரை பேருந்தைத் தொட வேண்டாம் என்றும் சொன்னாள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தாலும், ஊர் திரும்பியதும் நேராக மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னார். மேலாளர் ஒரு பாடு கத்தித் தீர்த்துவிட்டு, பேருந்து கழுவும் வேலைக்கு மாற்றினார். பரிசோதனையில் நர்ஸ் சொன்னதே உறுதியானது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றூதும் கருவி ஒன்று கொடுத்தார்கள். "பார்க்க போர் விமானம் ஓட்டப்போற மாதிரியே இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி தலையணையோடு திரும்பி வந்தாள். சில வாரங்களில் தலைபாரம் விட்டது. எரிச்சல் குறைந்தது. டாக்டர் சரி என்றதும், சாவி மறுபடி அவர் கைக்கு வந்தது. அன்று காலை பிள்ளைகள் சத்தம் போட்டபடி ஏறியபோது, கண்ணாடியில் அவர்களைப் பார்க்க முடியாமல் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த வருட முகாமில் அதே நர்ஸைத் தேடிப்பிடித்தார். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணே. எத்தனையோ பேரைப் பார்க்கிறோம்."

"பரவால்லம்மா. உன் ஒரு கேள்வியாலதான் என் வண்டிப் பிள்ளைங்க பத்திரமா வீடு போகுது."

கேட்டதற்குப் பதில் கிடைக்கிற வேலை அவளுடையது. பதில் சொன்னவர் பிறகு என்ன ஆனார் என்பது அவள் காதுக்கு வந்ததே இல்லை.

"உட்காருங்கண்ணே, நல்லாத் தூங்குறீங்களா இப்ப?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.