பெரியப்பா ஏன் கையை நீட்டுகிறார்

பிள்ளைகளா, வெற்றிலைக்கொடி கட்ட நான் வாழைநார் ஊறப்போட்டால் உங்கள் பெரியப்பா வந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். அவருக்குப் புத்தி சரியில்லை என்று மட்டும்தான் சொல்லி வைத்தேன். மிச்சத்தைச் சொல்ல வெட்கம்.

எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில், உங்களில் மூத்தவள் தொட்டிலில் கிடந்தாள். சோழவந்தானில் நானும் அண்ணனும் வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தோம். அவர் சுவரோடு பேசத் தொடங்கி அப்போதே இரண்டு வருஷம். ஆனாலும் வெற்றிலை கிள்ளுவதில் என்னை முந்திவிடுவார். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், வாய்க்கால் ஓரம் ஒரு வரிசைக் கொடியை வேரோடு பிடுங்கிக் கரையில் எறிந்திருந்தார். இலையெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது.

“என்னண்ணே செஞ்சு வச்சிருக்க?”

“வேரு அழுகுதுடா. நாத்தம் அடிக்குது. விட்டா அடுத்த வரிசைக்கும் போயிரும். நேத்துப் பூரா அதுக அழுதுச்சுக.”

கொடி அழுதது என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. “எல்லாம் தெரிஞ்சேதான் செய்ற. திமிரு!” என்று கன்னத்தில் அறைந்தேன். கூடப்பிறந்த அண்ணனை. ஊறிய நாரை முறுக்கி, கொடி படரும் அகத்தி மரத்தோடு அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினேன்.

பக்கத்துக் கொடிக்கால்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன மாப்ள, கொடியக் கட்டச் சொன்னா அண்ணனக் கட்டிருக்க?”

பொழுது சாயத்தான் அவிழ்த்துவிட்டேன். அதற்குள் பிடுங்கிய கொடிகளையே அதே குழியில் திரும்பப் பதித்திருந்தேன். கோபத்தில் வேரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாளில் மூன்று வரிசை வாடிப்போனது. தோண்டினால் வேர் கறுத்துக் கிடந்தது. அவர் சொன்ன அதே நாற்றம்.

கொடி அழுதது பொய்தான். வேர் அழுகியது நிஜம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது, பிரித்துக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதைவிட ஒன்று உறுத்துகிறது. அவர் பேச்சைத் தள்ளும்போது பைத்தியம் என்றேன். அடிக்கும்போது தெரிஞ்சே செய்தார் என்றேன். புத்தி இல்லாதவர் என்றால் குற்றம் எங்கேயிருந்து வரும்? குற்றம் உண்டென்றால் அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டாமா? எனக்குத் தோதானதை அப்பப்போ எடுத்துக்கொண்டேன். கொடியைப் பிடுங்காமல் இருக்க அவரால் முடிந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. கையை ஓங்காமல் இருக்க என்னால் முடிந்திருக்கும்.

வேரைத் தோண்டிப் பார்த்த மறுநாள், மிஞ்சிய கொடிகளைக் கட்ட நார் ஊறப்போட்டேன். அண்ணன் தானாகவே வந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். பக்கத்துக் கொடிக்கால்காரரும் நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

உங்களுக்கெல்லாம் முந்திச் சிரித்தவன் நான்தான்.