மீட்டர் காட்டாத தூரம்

வண்டி ஓட்டுகிறவனைப் பார்த்து ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உனக்கென்ன, நினைத்த இடத்துக்குப் போவாய். நானும் சிரித்து வைப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு நினைத்த இடம் என்று ஒன்று கிடையாது, லோடு போகிற இடம்தான் உண்டு என்று டீக்கடையில் நின்று விளக்கவா முடியும்? காலையில் சிவகாசி அச்சாபீஸ் வாசலில் பட்டாசுப் பெட்டிக்கான அட்டைக் கட்டுகளை ஏற்றுவேன். விஸ்வநத்தம் பக்கத்துக் கம்பெனிகளில் இறக்குவேன். திரும்பி வந்து மறுபடி ஏற்றுவேன். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் இதே பாடுதான்.

அந்த பிக்கப் வண்டி என்னுடையது இல்லை, என் மனைவியின் அண்ணனுடையது. நாங்கள் குடியிருந்ததும் மச்சான் வீட்டு மாடியில்தான். மல்லாங்கிணற்றில் எங்கள் மானாவாரி நிலம் அடுத்தடுத்து ஏமாற்றியதும், அதைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே புரியவைப்பதில் எங்கள் பக்கத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள். மச்சான் கெட்டவர் இல்லை. மாப்ள, மாப்ள என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதைதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

சீசன் சூடுபிடிக்கும் முன் நல்ல மழை பெய்தது. பட்டாசுக் கம்பெனியில் ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காக. நடுவில் போவது கரிசல் தடம். மழை விழுந்தால் களியாகிவிடும். ஒரு நாள் லோடோடு வண்டி புதைந்து, கம்பெனி ஆட்கள் வந்து தள்ளி எடுத்தார்கள். மச்சானுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மறுநாளே நான்கு சக்கரத்துக்கும் ஒரு சைஸ் பெரிய டயராகப் பார்த்து மாட்டிவிட்டார். வண்டி தூக்கலாக நிற்க வேண்டும், அதுதான் கெத்து என்றார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார். கழற்றிய டயர்கள் வீட்டு வாசலோரம் கிடந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் மச்சான் வண்டிக்குச் சூடம் காட்டிவிட்டு, தானே கூட வந்து டேங்க்கை நிரப்புவார். நிரப்பிய கையோடு மீட்டரை எட்டிப் பார்த்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது என்று மனசுக்குள்ளேயே போட்டுப் பார்ப்பார். டயர் மாற்றிய பிறகு அந்தக் கணக்கு உதைத்தது. டீசல் எப்போதும்போல் காலியானது, கிலோமீட்டர் மட்டும் முன்போல் ஏறவில்லை. முதலில் சேற்றுத் தடம்தான் காரணம் என்றார். தடம் காய்ந்த பிறகும் கணக்கு சரியாகவில்லை. அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. டிரைவர் மீட்டர் வயரைக் கழற்றிவிட்டுச் சொந்த வேலைக்கு ஓட்டிவிட்டு, மறுபடி மாட்டிவைத்துவிடுவான். டீசல் குறையும், மீட்டர் ஏறாது. என் நிலைமை அதற்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. மச்சான் என்னிடம் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் தங்கச்சியிடம் கேட்டார்.

அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி என்னிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அங்கன ஊருக்குப் போய்ட்டு வாறீகளா? போனா எங்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. அண்ணன் கேட்டா நான் என்ன சொல்ல?"

நான் எங்கும் போகவில்லை என்றேன். சரி என்றாள். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவள் சொல்கிற சரி அது. ஊரே சந்தேகப்படட்டும், போகட்டும். இவளுக்குத் தெரிய வேண்டாமா?

உண்மையில் நான் ஊருக்குப் போகாமல் இருந்ததே இந்தப் பேச்சுக்குப் பயந்துதான். அம்மா தம்பியோடு மல்லாங்கிணற்றில் இருந்தாள். முழங்கால் வலி. அடிக்கடி போன் போட்டு வந்துவிட்டுப் போகச் சொல்வாள். மச்சான் வண்டியில் போனால் மச்சான் டீசலில் அம்மாவைப் பார்க்கப் போனான் என்பார்கள். பஸ்ஸில் போகலாம் என்றால் சீசனில் லீவு கேட்க வேண்டும், அதையும் மாடிப்படி இறங்கிப் போய்க் கேட்க வேண்டும். தீபாவளி கழியட்டும் அம்மா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. மல்லாங்கிணற்றில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் நம் வண்டி அந்தப் பக்கம் வருகிறதா என்று விசாரித்திருக்கிறார். பெரிய மனுஷர் கேட்கிறாரே என்று அந்த ஆளும், ஆமாம், அதே மாதிரி வண்டி ஒன்று போகிறது வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அந்தப் பேச்சு அம்மா காதுக்கும் போய்விட்டது. கம்பெனி கேட்டில் நிற்கும்போது போன் வந்தது. ஊருக்குள் வந்து போகிறாயாமே, வீட்டுக்கு வந்தால் என்ன என்று கேட்டாள். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இங்கே போனதாகக் குற்றம், அங்கே வீட்டுக்கு வராததாகக் குற்றம். நடுவில் நான் அட்டை லோடோடு விஸ்வநத்தம் ரோட்டில். தெரிந்தவர்கள் கடையில் மட்டும் டீ குடித்தேன். லோடு இறக்கியதும் மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கேட்காமலே கணக்குச் சொல்கிறவன் மேல்தான் சந்தேகம் கூடும் என்று பிறகுதான் உறைத்தது. செய்யாத காரியத்துக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

ஒரு நாள் காலையில் மச்சான், இன்றைக்கு நான் ஓட்டுகிறேன், நீங்கள் ஓய்வாக இருங்கள் என்று சாவியை வாங்கிக்கொண்டார். விருதுநகருக்குப் பேப்பர் லோடு எடுக்கப் போனார். வருஷக்கணக்காக அவர் ஓடிப் பழகிய ரோடு, தூரம் அத்துப்படி. சாயங்காலம் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். போய் வந்த தூரத்தை மீட்டர் முழுசாகக் காட்டவில்லை.

"மாப்ள, மீட்டர்ல என்ன கை வச்சீக?"

கடைசியில் என்னிடமே கேட்டுவிட்டார். கோபத்துக்குப் பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இன்று முழுக்க ஓட்டியது நீங்கள்தானே, வயரை யார் கழற்றியது என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலோரம் கிடந்த பழைய டயர் கண்ணில் பட்டது. வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எவ்வளவு குள்ளம்! ஸ்பீடு காட்டும் முள் நாற்பதில் நிற்கும்போதே நான் முன்னால் போகிற வண்டிகளை முந்திக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. புது டயர் ஓட்டம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பழைய டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வாசலில் ஒரு சுற்று உருட்டி, நின்ற இடத்தில் கல் வைத்தேன். அதே இடத்திலிருந்து வண்டியையும் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்வரை தள்ளினோம். வண்டி கல்லைத் தாண்டிப் போய் நின்றது. மச்சானுக்கு நம்பிக்கையில்லை. திரும்பத் திரும்ப உருட்டினோம். மீட்டர் ரோட்டையா பார்க்கிறது, சக்கரம் சுற்றுவதைத்தானே எண்ணுகிறது என்றேன். பெரிய படியால் அளந்தால் படிக்கணக்குக் குறையும், சோளமா குறையும்?

மச்சானுக்குப் புரிந்துவிட்டது. பெரிதாகச் சிரித்தார். மாடியைப் பார்த்து, உன் வீட்டுக்காரர் எங்கேயும் போகவில்லை என்று தங்கச்சிக்குக் குரல் கொடுத்தார். மன்னிப்பு, வருத்தம் என்றெல்லாம் எதுவும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நானும் எதிர்பார்க்கவில்லை. மனைவி அன்று ராத்திரி எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அண்ணன் சொன்னதால் வைத்த குழம்பு. இருந்தாலும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

கை கழுவியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். டயர், மீட்டர், மச்சான் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் சொன்னது பொய், நான் மல்லாங்கிணறு பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை, நிரூபித்துவிட்டேன் என்று கேஸில் ஜெயித்தவன்போல் பேசினேன். லைன் போய்விட்டதோ என்று, அம்மா, அம்மா என்றேன்.

"இருக்கேன்யா. வீட்டுக்கு வராட்டியும் ஊருக்குள்ளயாவது வந்துட்டுப் போறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு வந்து பாப்பேன். அப்ப நீ வரவே இல்லையாய்யா?"

அதை நிரூபிக்கத்தான் அன்று சாயங்காலம் முழுக்க டயர் உருட்டியிருந்தேன்.