உங்கள் அம்மா ரூம் மாறியது

இரவு எட்டு மணிக்கு உங்கள் அம்மா பார்க்கிற சீரியல் உங்களுக்குத் தெரியும். அதில் வரும் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது. புருஷன் நல்லவன்தான், ஆனால் அவளை நிமிர்ந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. அவள் மனதில் ஏதோ ஒரு ஆசை இருக்கிறது. அது என்னவென்று ஆறு மாதமாகச் சொல்லாமல், அவனுக்குத் தெரியாமல் ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற எங்கள் பட்டாசுக் கம்பெனி வேனில் பெண்களுக்கு இதுதான் பேச்சு. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"அவ போறதுன்னா போகட்டும்க்கா. அந்தாளு கூட இருந்து என்னத்தக் கண்டா?" என்றாள் ஒருத்தி.

"ஆசைய மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்குத்தான் இருக்க?" என்றது உங்கள் அம்மா.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில் அம்மா போர்மேனிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முந்தின நாள் சீரியலில் அந்தப் பெண்ணும் அப்படித்தான் போனாள். மறுநாளும் அதே மரத்தடி, அதே பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்கு மை அடித்தேன்.

"என்ன, மாப்பிள்ளையா போறீக?" என்றாள்.

"சும்மாதான்."

"நாளைக்கு அலுமினியப் பொடி விழுந்தா மறுபடி வெள்ளையாத்தான் தெரியும்."

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் சொன்னபடியே ஆகிவிட்டது. அன்றைக்குச் சீரியலில் விளம்பரம் போட்டபோது கேட்டுவிட்டேன்.

"போர்மேன்ட்ட அப்படி என்ன பேச்சு?"

அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "என்னைய ஒங்க ரூமுக்கு மாத்தி விடச் சொல்லி அண்ணாச்சிட்ட கேட்டேன்."

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு ரூமில் நாலு பேர்தான் உட்காருவோம். புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ரூமில் உட்காருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, போர்மேனே பிரித்துவிடுவார். ஒரு ரூமுக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்களுக்காக நாங்கள் இருபத்திரண்டு வருஷம் தனித்தனி ரூமில் இருந்தோம்.

"போர்மேன் என்ன சொன்னாக?"

"கிறுக்கா பிடிச்சிருக்குன்னாக."

"சரியாத்தான சொல்லியிருக்காக."

"அப்ப ரெண்டும் சின்னதுக. இப்ப ஒருத்திய கட்டிக் குடுத்தாச்சு. பையனும் வேலைக்குப் போயிட்டான். இனியும் நான் அங்கன உக்காந்து, ஒங்க ரூம்ல சத்தம் வருதா, சத்தம் வருதான்னு காது குடுத்துக்கிட்டே கெடக்கணுமா?"

நானும் இருபத்திரண்டு வருஷம் அவள் ரூம் பக்கம் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. விளம்பரம் முடிந்தது. அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

மறுநாள் நானே போய்க் கேட்டேன். போர்மேன் என் தலையைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா வே கிறுக்குப் பிடிக்கும்?"

ஒரு வாரம் இழுத்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

இப்போது அவள் எனக்கு எதிரில்தான் உட்காருகிறாள். நான் மருந்தைச் சிந்துகிறேனாம், குழாயைக் கோணலாகப் பிடிக்கிறேனாம். நாள் முழுவதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சீரியல் பெண் தன் ஆசையை இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

போனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம், தனித்தனி ரூமில்தான் இருக்கிறோம் என்று சொல்லிவந்தேன். அது பொய். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அம்மா. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன். ரூமை மறுபடி மாற்றச் சொல்லிப் போன் பண்ணாதீர்கள். மாற்ற மாட்டோம்.