ஒரு மணிக்கு அஞ்சலை கூப்பிடுவாள்

நேற்று மளிகைக் கடையில் முட்டை வாங்கப் போனேன். கடைக்காரர் காலி முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நமுத்த காகிதமும் தூசியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. "இன்னா மேடம், அட்ட வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த அட்டைகளுக்கு நடுவில் ஏழு வருடம் உட்கார்ந்து பேசிச் சம்பளம் வாங்கியவள் நான் என்று சொல்லியிருந்தால், மனிதர் என்னை வேறு மாதிரி பார்த்திருப்பார்.

செஞ்சியில் எங்களுக்கு ஒரு ரேடியோ இருந்தது. நீங்கள் நினைக்கிற மாதிரி பெரிய நிலையம் எல்லாம் இல்லை. ஒரு சேவை அமைப்பு நடத்திய சமுதாய வானொலி. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மாடி அறை, மேலே ஒரு கம்பம், உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அதை ஒட்டியவர் ஏழுமலை அண்ணன், எங்கள் டெக்னீஷியன். லாரி ஹாரன் தாராளமாக வந்தது. மைக் போட்டால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு 'குளுகுளு பாடல்கள்' அறிவித்த ஆள் நான். முதல் நாளே மைக்கைத் திறக்காமல் இருபது நிமிடம் பேசினேன். ஏழுமலை அண்ணன் டீக்குப் போயிருந்தார். என் குரலைக் கேட்க ஆசையாக உட்கார்ந்திருந்த நைனா, "செட்டு ரிப்பேரு போல" என்று பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். மகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் சத்தம் வெகுதூரம் போகாது. ராஜகிரி மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களை மலையே மறைத்துவிடும். விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரை இரைச்சலோடு போய்ச் சேரும். ஆனால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கு மறுநாள் காலை மட்டும் செஞ்சியில் எங்களை விட்டால் ஆள் கிடையாது. ஸ்பெஷல் பஸ்களில் திரும்புகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பஸ் மாறும்போது யாராவது காணாமல் போவார்கள். தேடுகிறவர்கள் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். பெயர், ஊர், சட்டை நிறம் என்று நாங்கள் வாசிப்பதில்லை. தேடி வந்தவரையே மைக் முன்னால் உட்கார வைத்துக் கூப்பிடச் சொல்வோம். தெரியாத குரலில் தன் பெயரைக் கேட்டால் சிலர் மிரண்டு நகர்ந்துவிடுவார்கள், வீட்டுக் குரல் என்றால் நின்றுவிடுவார்கள். அன்றைக்கு டீக்கடை, பழக்கடை எல்லாவற்றிலும் எங்கள் ரேடியோதான் பாடும்.

அப்படி ஒரு காலையில் வந்தவர்தான் அஞ்சலையம்மா. மண்டகப்பட்டுக்கு முந்தின ஊர். முப்பது வயது மகன் குமாருக்குச் சின்ன வயதிலிருந்தே மனசு சரியில்லை. அங்காளம்மனிடம் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும்போது கையை உதறிக்கொண்டு போய்விட்டான். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்தால், அஞ்சலையம்மா கழனிக்கு அந்தக் கரையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார். மெதுவாகப் பேசுங்கள் என்று ஏழுமலை அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

"மெதுவா சொன்னா கேக்காதுப்பா. அம்மாந்தூரம் போவணும்ல?"

அரை மணி நேரத்தில் ஒரு டீக்கடையிலிருந்து போன். கடை ரேடியோவுக்கு முன்னால் ஒருத்தன் கைகட்டி நிற்கிறான், "இருக்கேம்மா, இருக்கேம்மா" என்று பெட்டிக்குப் பதில் சொல்கிறான் என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து அஞ்சலையம்மா மறுபடி வந்தார். கூச்சத்தோடு வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, ஒரு ஒத்தாச பண்ணணும். நான் நூறு நாள் வேலைக்குப் போயிட்டா அவன் சோறு துன்ன மாட்டான். ஆக்கி மூடி வச்சிட்டுத்தான் போறன். நான் வந்து துன்னுடான்னு சொல்ற வரைக்கும் பட்டினியாவே உக்காந்துகினு இருக்கான். நீங்க ரேடியோவுல ஒரு வார்த்த என்ன சொல்ல வுட்டீங்கன்னா துன்னுடுவான்."

இதை எந்த நிகழ்ச்சியில் சேர்ப்பது என்று எங்கள் பொறுப்பாளர் மேடம் தலையைச் சொறிந்தார். நேரம் சொல்வதோடு சேர்த்துவிடலாம் என்றார் ஏழுமலை அண்ணன். அவர் குரலை ஒரு தடவை பதிவு செய்துகொண்டு, ஒரு வாரம் போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். பகல் ஒரு மணி ஆனதும் நான் மணி சொல்வேன். உடனே அஞ்சலையம்மாவின் பதிவு வரும். "கொமாரு, அம்மா சொல்றன். குண்டான்ல சோறு இருக்குது. போட்டுக்கினு துன்னு. தண்ணி குடி." அவ்வளவுதான்.

அது வருடக்கணக்கில் ஓடியது. களை வெட்டுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கரையேறினார்கள். பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில், "அஞ்சல கூப்ட்டாச்சி, எல போடு" என்பார்களாம். ஒருநாள் கரண்ட் போய் ஒலிபரப்பு நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் போன் செய்து, "குமாரு சாப்ட்டானா?" என்று கேட்டார்கள். நான் அறிவித்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியும் அப்படி யாரும் விசாரித்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது வருடம் மஞ்சள் காமாலையில் அஞ்சலையம்மா இறந்துபோனார். குமாரின் தங்கை செல்வி, அதே ஊரில் கட்டிக்கொடுத்தவள், காலையில் போன் செய்து சொன்னாள். சொல்லிவிட்டு, "நிறுத்திடாதீங்கக்கா" என்றாள். ஒரு மணிக்கு அந்தப் பொத்தானில் விரலை வைத்தேன். செத்துக் கிடப்பவளைப் பேச வைக்கிறோமே, இது பாவமா புண்ணியமா என்று தெரியவில்லை. அழுத்தினேன். வாசலில் உடம்பு கிடக்கும்போது உள்ளே ரேடியோவில் அம்மா கூப்பிட்டதாம், குமார் எழுந்து போய்ப் பழைய சோறு போட்டுத் தின்றானாம். மார்பில் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்து அடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று செல்வி பிறகு சொன்னாள். கொள்ளி வைத்துவிட்டு வந்தும் அவன் அழவில்லை. மறுநாள் ஒரு மணிக்கும் அம்மா கூப்பிட்டது. அதற்கு மறுநாளும்.

செல்வி ஆக்கி வைக்க, மேலும் மூன்று வருடம் அப்படியே போயிற்று. அப்புறம் ரேடியோவை நடத்தியவர்களால் முடியாமல் போனது. மூடுவது என்று முடிவானதும் ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். நடவுப் பாட்டு, கூத்து, மல்லாட்டை என்கிற நிலக்கடலை விவசாயம், பெரிய மனிதர்கள் வந்து வாழ்த்திப் பேசியது, என் அசட்டுச் சிரிப்போடு கூடிய ஆண்டு விழா, ஒன்று விடவில்லை. கம்ப்யூட்டர்களில் இருந்ததை அழித்துத் திருப்பிக் கொடுத்தோம். கம்பத்தை இறக்கிய அன்று ஏழுமலை அண்ணன் சுவரில் இருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துக்கொண்டே அழுதார்.

பத்து நாள் கழித்து செல்வி போன் செய்தாள். "அக்கா, அம்மா குரல போன்ல அனுப்புறீங்களா?"

தேடினோம். பிரதியில் இல்லை. அது எந்த நிகழ்ச்சியும் இல்லை, அதற்குத் தலைப்பு இல்லை. மணியோசையும் விளம்பரங்களும் கிடந்த இடத்தில் அதுவும் கிடந்திருக்கிறது. அதையெல்லாம் குப்பை என்று விட்டுவிட்டோம். அண்ணன் எடுத்திருப்பார் என்று நான் இருந்தேன், நான் எடுத்திருப்பேன் என்று அவர் இருந்தார். ஆறு வருடம் தினமும் என் விரலால் போட்ட குரல் அது. அதை நான் மறந்தேன். இன்றைக்கும் என்னை மன்னிக்க என்னால் முடியவில்லை.

போனில் சொல்லத் தைரியம் வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். குமார் சுவரில் சாய்ந்து ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வெறும் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. குரல் இல்லை என்பதை செல்வியிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்லக்கா. மொத ரெண்டு நாளு துன்னாம கெடந்தான். இப்ப நான் குடுத்தா துன்றான்" என்றாள். அவன் பக்கம் திரும்பினாள். "அழுவறதுதான் நிக்கல. அம்மா செத்து மூணு வருசம் ஆவுது, அன்னிக்கி ஒரு சொட்டு கண்ணீர் வுடல. இவனுக்கு அம்மா இப்பதான்க்கா செத்திருக்குது."

துக்கம் கேட்க வந்தவர்கள் உட்காருவதுபோல நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.