இலட்சுமி அக்காவின் ஆட்டைத் திவசம்

நெடுந்தீவில் ஆண்டுதோறும் ஒரு நாவலுக்கு விழா எடுக்கிறோம் என்றால் வெளியூரார் மெச்சுகிறார்கள். மெச்சட்டும். அதைத் தொடக்கிவைத்த முட்டாள்களில் நானும் ஒருவன். யார் தலையில் மண் அள்ளிப் போட்டு அதைத் தொடங்கினோம் என்பதை இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

இலட்சுமிப்பிள்ளை என் பெரியம்மாவின் மகள். அவள் கணவர் முருகேசு தெற்கே, சிங்களப் பகுதியில், ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடை எரிந்ததாகச் செய்தி வந்தது. பிறகு கடிதமே இல்லை. ஆள் செத்ததைக் கண்டவரும் இல்லை. அக்கா பொட்டையும் தாலியையும் விடவில்லை. லோஞ்ச் படகு வரும் நேரம் கைவேலையைப் போட்டுவிட்டுத் துறையடிக்குப் போய் நிற்பாள்.

பக்கத்து வீட்டில் அறை எடுத்திருந்த வைத்திலிங்கம் வாத்தியார் இதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றலாகிப் போய் நாவல் எழுதினார். மனிதர் ஊர்ப் பெயரைக்கூட மாற்றவில்லை. கதாநாயகிக்கு இலட்சுமி என்றே பெயர். கடைசி அத்தியாயத்தில், ஆனி மாதத் தேய்பிறை அட்டமியன்று, காத்திருந்து அலுத்த இலட்சுமி தோட்டக் கிணற்றில் குதிக்கிறாள். வாசித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எங்கள் வாசிகசாலைப் பிரதி மூன்று மாதத்தில் தாள்தாளாகக் கழன்றது.

அறுபத்திரண்டில், அந்த நாவலுக்கு விழா எடுக்க வாசிகசாலைத் தலைவர் தம்பிராசா அண்ணை ஒரு யோசனை சொன்னார்.

“பேச்சு எல்லா ஊரிலையும் வைப்பினம். நாங்கள் இலட்சுமிக்கு வருசாவருசம் ஆட்டைத் திவசம் குடுப்பம். அவவுக்குப் பிள்ளை குட்டியோ? ஊர்தான் குடுக்கவேணும்.”

எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பத்திரிகைக்கு அறிவித்தல் எழுதியவன் நான். ‘கணவர் வரவுக்காகக் காத்திருந்து கிணற்றில் மாய்ந்த நெடுந்தீவு இலட்சுமியின் ஆட்டைத் திவசம்’ என்று எழுதி, நாளையும் இடத்தையும் போட்டேன். நாவலின் பெயரைப் போடவில்லை. அதை அறியாதவன் யார் என்ற கொழுப்பு.

நயினாதீவிலிருந்து குஞ்சிதபாதக் குருக்களை அழைத்துவந்தோம். கதையில் வந்த தோட்டக் கிணற்றடியில்தான் திவசம். அந்தக் கிணற்றில் அக்காவும் பங்குக்காரி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குருக்கள் தர்ப்பையைப் போட்டுக்கொண்டு நட்சத்திரம் கேட்டார். நாவலில் நட்சத்திரம் ஏது? எல்லோரும் முழித்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. “விசாகம்” என்றேன். அது அக்காவின் நட்சத்திரம். வருடாவருடம் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பவன் நான்.

எள்ளுந் தண்ணீரும் இறைத்தாயிற்று. பிண்டத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்தோம். பனைகளில் எத்தனையோ காகங்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம், ஒன்றும் இறங்கவில்லை. குருக்களின் முகம் கறுத்துப்போயிற்று.

“தம்பி, செத்தவ ஆர்?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. தண்ணீர் அள்ள வந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“சொல்லனடா. ஆருக்குத் திவசம்?”

“கதையிலை வாற பொம்பிளைக்கு, அக்கா.”

“அவவுக்கும் விசாகமோ?”

வெறும் வாளியோடு திரும்பிப் போனாள். குருக்கள் தட்சணையைத் தொடாமல் படகேறினார்.

அன்றோடு விட்டிருக்கலாம். அடுத்த வருடம் வேறொரு குருக்கள், அதே அறிவித்தல், இரண்டு லோஞ்ச் நிறையச் சனம். நல்ல தண்ணீருக்குப் பஞ்சமான தீவில், அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பெண்கள் தொடாமல் விட்டார்கள். அக்காவைக் கலியாண வீடுகளுக்கு அழைப்பதும் நின்றது. எதிரே வந்தால் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அவள் மட்டும் துறையடிக்குப் போவதை நிறுத்தவில்லை. “அவர் வருவார்” என்பாள்.

அறுபத்தெட்டில் அல்லைப்பிட்டி லியோன் என்னைத் தேடி வந்தார். தெற்கே கருவாடு கொண்டுபோய் விற்பவர். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“உம்மடை அத்தானைக் கண்டனான். எங்கடை ஆக்கள் இல்லாத ஒரு ஊரிலை கடை வைச்சிருக்கிறார். பெண்சாதி, ரண்டு பிள்ளையள்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. லியோன் கையால் மறித்தார்.

“கேளும். வெறுங்கையோடை ஊருக்கு வர வெக்கப்பட்டு, திரும்பக் கடை போட்டிட்டு வருவம் எண்டு இருந்தவராம். அறுபத்திரண்டிலை வெளிக்கிடப் பெட்டியும் கட்டிப்போட்டாராம். அப்பதான் பேப்பரிலை திவச அறிவித்தலைப் பாத்தவராம். சுவரிலை உம்மடை அக்காவின்ரை படம், மாலை போட்டிருக்கு. வருசாவருசம் பேப்பரிலை தேடி, நீர் எழுதிற துண்டை வெட்டி அதிலை ஒட்டி வைக்கிறார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை.”

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அறைந்திருந்தாளானால் என் மனம் ஆறியிருக்கும். பிள்ளைகளுக்கு என்ன வயது என்று மட்டும் விசாரித்தாள்.

“நான் போய் அத்தானைக் கூட்டிக்கொண்டு வாறன், அக்கா.”

“வந்து? அந்தப் பெண்ணும் பிள்ளையளும் எங்கை போறது?” என்றாள். பிறகு சிரித்தாள். “நான் சுமங்கலியாச் செத்தனானடா. எத்தினை பேருக்குக் கிடைக்கும்?”

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம். அன்று லோஞ்ச் வந்தபோது அவள் துறையடிக்குப் போகவில்லை.

அந்த ஆனியில் நான் அறிவித்தல் அனுப்பவில்லை. விழாவே வேண்டாம் என்று தம்பிராசா அண்ணையிடமும் சொல்லிவிட்டேன். அட்டமிக்கு ஒரு கிழமை இருக்க, அக்கா வந்து வாசல் படலையில் நின்றாள்.

“பேப்பருக்குக் குடுத்திட்டியோ?”

“இல்லை, அக்கா. இனி என்னாலை ஏலாது.”

“குடு. அவர் தேடுவார்.”