கல்லில் ஏறிய தேதி

ராட்டர்டாமில் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்க அபாயச் சங்கு ஊதும். வெள்ளமோ விஷப்புகையோ வந்தால் எச்சரிக்க வைத்திருக்கும் சங்கு, பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. யாரும் தலை தூக்குவதில்லை. ரொட்டிக் கடையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருப்பவர் அறுத்துக்கொண்டே இருப்பார். வந்த புதிதில் முதல்முறை கேட்டபோது நான் சாப்பாட்டு மேசையை விட்டு வாசலுக்கு ஓடினேன். ராயபுரத்தில் பிறந்து, ரசாயன ஆலைகளை ஒட்டிய எர்ணாவூரில் சில வருடம் குடியிருந்தவனுக்கு நேரம் தவறி ஊதும் சங்கு என்றால் வேறு பொருள். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே நடக்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். பிறகு நானும் ஓடுவதை விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்குக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். அது மட்டும் போகவில்லை.

இங்கே துறைமுகத்தில் குளிர் கன்டெய்னர்களின் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துவைப்பது என் வேலை. மீனும் வாழைப்பழமும் எத்தனை டிகிரியில் இருந்தன என்று எழுத ஆள் வேண்டும் என்றார்கள். என் சுபாவத்துக்கு ஏற்றதாக அமைந்தது. என்னோடு சோடியாகச் சுற்றுபவர் ஹென்க் என்ற டச்சுக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. போன குளிர்காலத்தில் ஒரு முதல் திங்கட்கிழமை, சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே ஹென்க் அதோடு போட்டி போடுவதுபோல் விசில் அடித்தார். ஏறிப்போகும் மூன்று சுரம், ஒரு நிறுத்தம், பிறகு கீழே விழும் ஒன்று. சங்குக்காகக் கீழே வைத்த பேனாவை நான் திரும்ப எடுக்கவில்லை. அந்த நாலு சுரங்களும் என் அண்ணனுடையவை.

இதைப் படிக்கும் ராயபுரத்துக்காரர்களுக்கு 'பிரேக்வாட்டர்' குழுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து பேர். மூன்று பேர் துறைமுகத்தில் வேலை, இரண்டு பேர் பெரம்பூர் ரயில் ஒர்க்‌ஷாப்பில். கப்பல்காரர்களிடமிருந்து இறங்கும் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, மாதா கோவில் ஹாலிலும் ரயில்வேக்காரர்களின் விருந்துகளிலும் ராக் பாட்டு வாசித்தவர்கள். பாடகர் சிரில் அண்ணன், இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க். மைக்கை வாயருகே கொண்டுபோகவே மாட்டார். ஒரு முழம் தள்ளியே பிடிப்பார். குரல் அதுவாக வந்து சேரும். நான் அவர்களின் ஒரு கச்சேரியையும் விட்டதில்லை. தேதி, இடம், பாடிய வரிசை, யாருடைய கிட்டாரில் எந்தப் பாட்டின்போது தந்தி அறுந்தது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது எல்லாம் நோட்டில் எழுதுவேன். தெருவுக்கு யார் கைவழியே எந்த கேசட் வந்தது என்பதற்குத் தனிப் பட்டியல். என் கூட்டாளி சூசை கேட்பான்: "மாமு, நீ பாட்டு கேக்க வர்றியா, கோர்ட்ல சாட்சி சொல்ல வர்றியா?"

என் அண்ணன் இன்னாசி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவன். ஒரு மழை நாளில் கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து இறந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சிரில் அண்ணன் ஒற்றைக் கிட்டாரோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் அந்த நாலு சுர விசில். பிறகு, அதுவரை அந்தக் குழு பாடியே இராத எங்கள் பாஷையில் ஒரு பாட்டு.

"கயித்த வுட்டுட்டான், கப்பல் போயிட்ச்சி,
கரையில நிக்கிறவன் பேரு இன்னா?"

நாலாவது முறை அந்த வரி வந்து முடிந்தபின் கிட்டாரை நிறுத்தி, இரண்டு தாளம் மௌனமாக விட்டு, "இன்னாசீ" என்று ஒரே முறை கூப்பிட்டார். கடலில் தூரத்துப் படகைக் கூப்பிடுவதுபோல. டீ கிளாஸோடு நின்றவர்கள் எல்லோரும் திருப்பிக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியும் அந்தப் பாட்டில்தான் முடியும். அந்த இரண்டு தாளத்துக்குப் பிறகு ஹால் மொத்தமும் என் அண்ணனைக் கூப்பிடும். அவனைப் பார்த்தே இராதவர்களும் கூப்பிட்டார்கள். ராக் என்றால் என்னவென்றே தெரியாத என் அம்மா, சாகும்வரை அதை 'பெரியவன் பாட்டு' என்றாள்.

அன்று ஹாலில் நான் நோட்டோடு சிரில் அண்ணனிடம் போனேன். யார் மெட்டு என்று கேட்டேன். பட்டியலுக்கு வேண்டும் அல்லவா. அவர் என் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எய்திக்கோ. வார்த்த, மெட்டு ரெண்டும் நாந்தான். உங்கண்ணனுக்கோசரம் கட்னது. எவன் கைலயும் வாங்கல."

எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் இட்டேன்.

சிரில் அண்ணன் போன வருடம் காலமானார். எங்கள் கூட்டம் இப்போது தண்டையார்பேட்டை, குவைத், மெல்போர்ன் என்று சிதறிக் கிடக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது அந்தப் பாட்டின் பழைய ஒலிப்பதிவைப் போடுவார்கள். கல்லறையில் ஒரு கல் வைப்பது என்று முடிவாயிற்று. அவர் பெயர், அந்த இரண்டு வரி, 'சொல்லும் மெட்டும் இவருடையவை' என்ற வாசகம், முதன்முதலில் பாடிய தேதி. தேதி யாருக்கும் நினைவில்லை. என் நோட்டுகள் எல்லாம் சூசை வீட்டுப் பரணில் இருந்தன. நாடு விட்டு வரும்போது அவனிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்றுவிட்ட அவன், தும்மிக்கொண்டே தேடி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். கூடவே குரல் பதிவு: "உன் கையெய்த்து கல்லுல ஏறப் போவுது மாமு." எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு வெப்பநிலை குறிக்கும்போது இரண்டு தடவை வரிசை மாற்றி எழுதினேன்.

ஹென்க் விசில் அடித்தது அதற்கு அடுத்த வாரம்.

என்ன பாட்டு அது என்று கேட்டேன். மறுநாள் ஒரு இசைத்தட்டைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். அவருடைய ஊரைச் சேர்ந்த நாலு பேர் குழு. நாட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாதாம். பாடகர் இறந்து பல வருடமாகிறது. அவர் நினைவு நாளில் ரசிகர்கள் ஒரு சமூகக் கூடத்தில் கூடிப் பாடுவார்களாம். சாப்பாட்டு அறையில் ஆளுக்கு ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவர் தொலைபேசியில் கேட்டோம். விசில், நிறுத்தம், கிட்டார் எல்லாம் அச்சு மாறாமல் இருந்தன. தட்டின் உறையில் ஆண்டு அச்சடித்திருந்தது. கழித்துப் பார்த்தேன். மறுபடியும் கழித்துப் பார்த்தேன். என் அண்ணன் இறப்பதற்கு ஏழு வருடம் முந்தைய தட்டு.

வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்றேன். கேலிப் பாட்டு என்றார் ஹென்க். படகு போவதற்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கிவிடுகிறார்கள். காதலி சைக்கிளில் அந்தப் பக்கம் போய்விடுகிறாள், இவன் இந்தப் பக்கம் நிற்கிறான், பாலக்காரனைத் திட்டுகிறான். அவ்வளவுதான். சொல்லும்போதே சிரித்தார்.

இந்தப் பாட்டு என் அண்ணன் செத்தபோது பாடியது என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். ஒரு மோசடியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஹென்க்கின் முகம் மாறியது. என் தோளில் கை வைத்தார். "மோய்" என்றார். அழகு என்று பொருள். இவர்கள் ஊரில் அடக்கத்தின்போது, இறந்தவருக்குப் பிடித்த பாட்டைப் போடுவது வழக்கம். அவர் அப்படிப் புரிந்துகொண்டார். இத்தனை தூரத்தில் ஒரு மனிதனுக்கு எங்கள் பாட்டு பிடித்திருந்ததா, உன் அண்ணனுக்கு நல்ல ரசனை என்றார். இல்லை, அவனுக்கு இது தெரியவே தெரியாது, இது திருட்டு என்று விளக்க முயன்றேன். என் டச்சு அதற்குப் போதவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு காப்பி வாங்கி வந்தார்.

அன்று மாலை டிராமில் வரும்போது மங்கலாக ஒன்று நினைவுக்கு வந்தது. அண்ணன் காதில் வாக்மேன்; வாசலில் சிரில் அண்ணன் நிற்கிறார். சனிக்கிழமை சூசையைக் கூப்பிட்டேன். காரணம் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பக்கத்திலிருந்து இரண்டு மாதம் பின்னோக்கிப் போய், கேசட் பட்டியலைப் படி என்றேன். அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி, திட்டிக்கொண்டே படித்தான். என் சிறுவயது வாக்கியங்கள் அவன் வாயில் நிதானமாக வந்தன.

"கப்பல் கேசட் ஒன்று, அண்ணன் கொண்டுவந்தது. உறை இல்லை. என்ன பாஷை என்று தெரியவில்லை. வாக்மேனில் மாட்டிக்கொண்டு சோறு தின்னும்போதும் கழற்றவில்லை. விசில் பாட்டாம். எனக்குத் தரவில்லை, அப்புறம் தர்றேன் என்றான். சாயங்காலம் சிரில் அண்ணன் வந்து கேசட்டை வாங்கிப் போனார்."

படித்து முடித்ததும் கடைசி வரியை அவனே இன்னொரு முறை படித்தான்; அவனுக்கும் விளங்கிவிட்டது. தட்டின் ஆண்டைச் சொன்னேன். பாட்டின் சுட்டியையும் அனுப்பினேன். கேட்டுவிட்டு அவனே கூப்பிட்டான்.

"இப்ப இன்னான்ற நீ?"

மெட்டு அவருடையது இல்லை என்று சொல்கிறேன் என்றேன். கல்லில் அந்த வாசகம் வேண்டாம். தேதி இருக்கட்டும், வரிகள் இருக்கட்டும். முடிந்தால், கேசட் இன்னாசி கொண்டுவந்தது என்று ஒரு வார்த்தை போடுங்கள் என்றேன்.

"அங்க போய் குளுருல குந்திகினு, நம்மாள திருடன்றியா?"

"திருடன்னு சொல்லல சூசை. வாங்கலன்னு சொன்னாரே. என் நோட்டப் பாத்துகினே சொன்னாரே."

"அத உன் கையாலதான எய்தின? அப்ப நீ பொய் எய்தினியா?"

"கேட்டத எழுதினேன்."

"அதான் மாமு நாங்களும் கல்லுல போடறோம். கேட்டத."

தேதி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பார்த்ததை எழுதினேன், கேட்டதையும் பார்த்ததைப்போலவே எழுதினேன். இரண்டுக்கும் ஒரே மை. அடிக்கோடு வேறு.

பின்வந்த நாட்களில் எனக்குள் எரிந்தது பாட்டு களவாடப்பட்டதல்ல. எங்கள் தெருவில் எல்லாமே கப்பலிலிருந்து இறங்கியதுதான். சோப்பு, சட்டை, பாட்டு எதுவும். ஹென்க் தவறாகப் புரிந்துகொண்டு சொன்னது உண்மையாகிவிட்டது, அதுதான் பொறுக்கவில்லை. அது என் அண்ணனுக்குப் பிடித்த பாட்டு. சாப்பிடும்போதும் காதை விட்டு எடுக்காத பாட்டு. சிரில் அண்ணன் அதைச் சொல்லியிருந்தால் போதும்: 'இது உங்கண்ணன் கேட்டுகினு இருந்த பாட்டுடா.' அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவன் என்ன கேட்டுச் சிரித்தான் என்று தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த வாக்கியத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் தன் பெயரை வைத்துவிட்டார். எத்தனை வருடம்! எத்தனை ஹால்களில் என் தோளை அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு நாளாவது வாய் திறந்திருக்கலாம்.

அந்தக் கேசட் பட்டியல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று சூசையிடம் கேட்டேன். மூன்று நாள் கழித்து, அந்தப் பக்கம் செல்லரித்துப் போயிருக்கிறது என்றான். போன சனிக்கிழமை எனக்குப் படித்துக் காட்டிய பக்கம். நோட்டையாவது படம் எடு என்றேன். எடுத்தான், அவனுக்குச் சூது போதாது. தையலை ஒட்டி ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது, நேர்க்கோட்டில். செல் பூச்சி ஸ்கேல் வைத்து அரிக்காது. இதை அவனுக்கு எழுதினேன். அவன் பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. என்னைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவும் இல்லை. சிறு வயதிலிருந்து என் நோட்டைக் கேலி செய்து, என் நோட்டுக்குக் காவலும் இருந்தவன் அவன்.

கல் வைத்த படம் வந்தது. கறுப்புக் கல், நல்ல எழுத்து. சொல்லும் மெட்டும் இவருடையவை. கீழே தேதி. அந்தத் தேதியை இங்கே எழுதப்போவதில்லை. அது சரியான தேதிதான், என் கணக்கில் பிழை கிடையாது. குழுவில் எல்லோரும் கைகூப்பிய பொம்மைகளைப் போட்டார்கள். "தேதி உதவி: நம்ம ராட்டர்டாம் மாமு" என்று சூசை எழுதியிருந்தான்.

அந்த மாதமே ஹென்க்கின் குழுப் பாடகரின் நினைவு நாள் வந்தது. வரமாட்டேன் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அது என் கூச்சமாகத்தான் அவருக்குப் பட்டது. கையைப் பிடித்து அழைத்துப் போனார். சிறிய கூடம், எங்கள் கோவில் ஹால் அளவுதான். நரைத்த தலைகள், பழைய சட்டைகள், பீர். இவன் அண்ணனின் அடக்கத்தில் இந்தியாவில் நம் பாட்டைப் பாடினார்கள் என்று ஹென்க் ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒவ்வொருவரும் வந்து என் கையைக் குலுக்கினார்கள். ஒரு அம்மாள் கட்டிக்கொண்டாள். இறந்த பாடகரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. நான் எதையும் திருத்தவில்லை.

கடைசிப் பாட்டாக விசில் தொடங்கியது. கூடமே பாலத்தைத் தூக்கியவனைத் திட்டிப் பாடியது. என் வாய் அதுவாகவே "கயித்த வுட்டுட்டான்" என்றது. தாளம் ஒன்றுதான், எங்கும் இடறவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் உதட்டைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். நாலாவது முறை அந்த வரி வந்து முடிந்தது. நான் இரண்டு தாளம் காத்திருந்தேன். அவர்களுடைய பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. கூடம் முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் "இன்னாசீ" என்று கூப்பிட்டேன். ஹென்க் மட்டும் திரும்பி, என்ன சொன்னாய் என்பதுபோல் காதருகே கையை வைத்துக் குனிந்தார்.