அன்வர் கேட்டு வாங்கிய கிழிந்த கையுறைகள்

அன்வர் போய்விட்டான் என்று வாணியம்பாடியிலிருந்து அவன் மச்சான் போன் செய்தபோது, நான் கட்டிங் மேஜையில் ஆட்டுத்தோலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டீ குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அவன் பந்து என் பந்தைத் தாண்டிப் போகாது என்றுதான் தோன்றியது. சீ, என்ன மனுஷன் நான்! ஆனால் அவனை அறிந்த உங்களிடம் இதை மறைத்து எழுதினால் அவனே சிரிப்பான்.

ஆம்பூர் பக்கத்தில் கோல்ஃப் கையுறை தைக்கும் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் தோல் வெட்டுகிறவன், அவன் தைத்ததைச் சரிபார்க்கிறவன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒருவர் தன் பழைய கோல்ஃப் மட்டையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் ரோட்டோரப் பொட்டலுக்குப் போவோம். அவன் அடித்தால் பந்து நேராகப் போகும். நான் அடித்தால் வலப்பக்கம் வளைந்து முள்செடிக்குள் விழும். அதைவிட, அவன் சிரமமே படாமல் அடிப்பான். எனக்கு வயிறு எரியும்.

பந்து வளைவதன் காரணத்தை அவன் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டான். நான் இடக்கையால் கத்தி பிடிக்கிறவன். இருந்த ஒரே மட்டையோ வலக்கைக்காரர்களுடையது. அதில் இடக்கைதான் மேலே பிடிக்கும். அந்தக் கை கத்தியைப் பிடிப்பதுபோலவே மட்டையையும் பிடித்தது.

"இது கத்தி இல்லடா தனபாலு. உள்ளங்கையில வச்சி அமுக்காத, விரல்ல படுக்க வை. மேல தூக்கும்போது மணிக்கட்டு பின்னால மடங்குது பாரு, அதான் மட்டை மூஞ்சி தெறந்துக்கிட்டு பந்து வலப்பக்கம் ஓடுது. கையும் மணிக்கட்டும் ஒரே கோடா இருக்கணும். இறுக்கறத கம்மி பண்ணு."

"இன்னாடா, எனக்கே பாடமா? உன் வேலையப் பாரு" என்றேன். அவன் சொன்னது சரி என்று தெரியும். அவன் சொன்னதாலேயே செய்யவில்லை.

கத்தியைப்போல் பிடித்தால் உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மட்டை உரசிக்கொண்டே இருக்கும். எனக்கு மாதம் ஒரு கையுறை அந்த இடத்தில் கிழியும். அவனுடையது வருடமானாலும் புதிதுபோல் இருக்கும். கிழிந்ததை நான் தூக்கிப் போடப்போனால், "எனக்குக் குடுறா" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். கேன்டீனில் காட்டிச் சிரிக்கத்தான் வாங்குகிறான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள், அதே இடத்தில் ஒட்டுத்தோல் வைத்த புதுக் கையுறை ஒன்றை அவன் பையர் முன்னால் வைத்தான். பையர் எழுந்து நின்று கைகுலுக்கினார். முதலாளி எல்லோருக்கும் பிரியாணி போட்டார். "எப்டிப்பா தோணுச்சு?" என்று அவர் கேட்டதற்கு அன்வர் என்னைக் காட்டி, "தோஸ்துதான் கத்துக்குடுத்தான்" என்றான். குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். பிரியாணியைத் தொடாமல் எழுந்தேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. பத்தடி தூரத்தில் அவன் மேஜை. ஒன்றரை வருடம் பேசவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். நான் பாபி என்று கூப்பிடும் அன்வரின் மனைவி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே என் கிழிந்த கையுறைகள் அத்தனையும் இருந்தன. அடியில், ஒட்டுத்தோல் கையுறைக்காக வெட்டிய முதல் அளவு அட்டை. அதில் அவன் கையெழுத்தில் 'தனபால் கை' என்று இருந்தது. அதோடு தைத்து முடித்த கையுறை ஒன்று.

"உங்களுக்குன்னு அவங்களே தச்சது அண்ணா. நீங்க பேசினதும் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

போட்டுப் பார்த்தேன். என் கை எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அழுதேன். அப்போதும், பாவி, இதிலும் நீதான் முந்திக்கொண்டாய் என்று பொருமினேன்.

அந்தக் கையுறையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு பொட்டலுக்குத் தனியாகப் போனேன். மட்டையை விரலில் படுக்க வைத்தேன். மணிக்கட்டை நேராக வைத்தேன். இறுக்கவில்லை. பந்து கோடு போட்டதுபோல் நேராகப் போனது. "பாத்தியாடா!" என்று கத்திக்கொண்டே, அவன் வயிறு எரிவதைப் பார்க்கத் திரும்பினேன்.